எம்.எஸ். நோயில் எதிர்ப்புச் செல்லும் கிளியாவும்: எந்த ஆய்வு மாதிரியைத் தேர்ந்தெடுப்பது?

ஆய்வுக்குள் புதிதாக நுழைகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் டி செல்கள் மூளைக்குள் வந்து மைக்ரோக்ளியாவையும் ஆஸ்ட்ரோசைட்டையும் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். சுண்டெலியில் பார்ப்பதா, வளர்ப்புத் தட்டில் பார்ப்பதா, இறந்தவர்கள் தானமாகத் தந்த மூளைத் திசுவில் பார்ப்பதா?”

கேட்கும்போதே பாதிப் பேர் மனதுக்குள் ஒன்றைத் தேர்ந்திருப்பார்கள். பெரும்பாலும் அது அவர்கள் ஆய்வகத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மாதிரிதான். கையில் இருப்பதை வைத்துத் தொடங்குவது தவறில்லை. ஆனால் அந்த மாதிரியால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமா என்பதை முதல் மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும். மூன்றாம் ஆண்டில் பார்த்தால், தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது.

எம்.எஸ். நோயில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைகிறது. அந்த உறையைச் சுற்றுவது ஒலிகோடெண்ட்ரோசைட். அது இறந்தால் புதிதாக உருவாக, ஓ.பி.சி. எனப்படும் முன்னோடிச் செல்கள் மூளை முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. இரத்தக் குழாய்களைப் பாதம் வைத்துப் பிடித்தபடி நரம்புகளுக்குத் தீனி தருவது ஆஸ்ட்ரோசைட். குப்பை அள்ளுவதும் காவல் காப்பதும் மைக்ரோக்ளியா. இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் கிளியா, அதாவது மூளையின் துணைச் செல்கள் என்கிறோம். வெளியிலிருந்து இரத்தம் வழியே வரும் டி செல், பி செல், மோனோசைட் ஆகிய நோய் எதிர்ப்புச் செல்கள் இவற்றோடு பேசுகின்றன, இவையும் பதில் பேசுகின்றன. அந்தப் பேச்சில் எந்தப் பக்கத்தைக் கேட்கப் போகிறீர்கள் என்பதுதான் தேர்வின் மையம்.

## முதலில் அளவுகோல்கள்

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த மாதிரியில் முதலில் பேசுவது யார்? ஒவ்வொரு மாதிரியும் இதை நமக்கு முன்பே முடிவு செய்துவிடுகிறது. சிலவற்றில் எதிர்ப்புச் செல் தாக்குதலைத் தொடங்கும், கிளியா எதிர்வினை காட்டும். சிலவற்றில் கிளியா முதலில் சாகும், எதிர்ப்புச் செல்கள் அப்புறம்தான் தலைகாட்டும், அல்லது வரவே வராது. மனித நோயில் எது முதல் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அதனால் மாதிரியைத் தேர்வதே ஒரு பக்கம் சாய்வதுதான்.

மற்ற அளவுகோல்கள் நான்கு. காரணத்தைச் சோதிக்க முடியுமா, அதாவது ஒரு செல்லையோ மரபணுவையோ நீக்கிவிட்டு விளைவைப் பார்க்க முடியுமா? மனித நோய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? காலமும் கைத்திறனும் எவ்வளவு பிடிக்கும்? கடைசியாக, எந்த இடத்தில் நம்மை ஏமாற்றும்? கடைசிக் கேள்விக்கான பதில் வெளியான கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் அரிதாகவே இருக்கும். அதனால் கீழே அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

## 1. ஈ.ஏ.ஈ. சுண்டெலி: எதிர்ப்புச் செல் தொடங்கி வைக்கும் நோய்

ஈ.ஏ.ஈ. என்பது விலங்கின் எதிர்ப்புச் செல்களை அதன் மயலினையே தாக்கவைத்து நாம் உண்டாக்கும் மூளை-தண்டுவட அழற்சி. இதன் கதை வெறிநாய்க்கடியில் தொடங்குகிறது. அக்காலத் தடுப்பூசி முயலின் நரம்புத் திசுவில் தயாரானது. அதைப் போட்டுக்கொண்ட சிலருக்கு மூளையிலும் தண்டுவடத்திலும் அழற்சி வந்தது. காரணம் தேடிய தாமஸ் ரிவர்ஸ் குழு, 1933இல் குரங்குகளுக்கு முயல் மூளைச் சாற்றைத் திரும்பத் திரும்பச் செலுத்தி அதே போன்ற நோயை உண்டாக்கிக் காட்டியது. இன்று பெரும்பாலும் சி57 பிளாக் 6 வகைச் சுண்டெலிக்கு மாக் என்ற மயலின் புரதத்தின் 35 முதல் 55 வரையிலான துண்டை, கொல்லப்பட்ட காசநோய்க் கிருமி கலந்த எண்ணெய்க் குழம்போடு தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். கூடவே கக்குவான் நச்சும் தரப்படும். 9 முதல் 14 நாளில் வால் துவளும், பிறகு பின்னங்கால்கள் செயலிழக்கும். 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுப் பின்தொடரலாம்.

பலம் எங்கே என்றால், முழு உடலும் இருக்கிறது. நிணநீர்க் கணுவில் டி செல் விழிப்பதிலிருந்து இரத்தக் குழாய்ச் சுவரைக் கடந்து மைக்ரோக்ளியாவைச் சந்திப்பது வரை ஒரே தொடராகப் பார்க்கலாம். 2014இல் வந்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. மோனோசைட்டுக்கு ஒரு நிறமும் மைக்ரோக்ளியாவுக்கு இன்னொரு நிறமும் ஒளிரும் சுண்டெலிகளில், எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அடுக்கடுக்காகப் படமெடுத்தார்கள். நோய் தொடங்கும் நேரத்தில் மயலினைப் பிய்த்துக்கொண்டிருந்தவை வெளியிலிருந்து வந்த மோனோசைட்டுகளின் வழித்தோன்றல்கள். மைக்ரோக்ளியா பெரும்பாலும் சிதைவைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. சாதாரணச் சாயத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும்.

மருந்துக்கும் இது வழி திறந்திருக்கிறது. எதிர்ப்புச் செல்கள் இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்ட உதவும் ஆல்ஃபா4 இன்டெக்ரின் என்ற புரதத்தைத் தடுத்தால் அவை மூளைக்குள் நுழைவது நிற்கும் என்று 1992இல் எலியின் ஈ.ஏ.ஈ.யில் காட்டினார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த நாட்டலிசுமாப் என்ற எம்.எஸ். மருந்து 2004இல் அனுமதி பெற்றது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுத்தால் ஈ.ஏ.ஈ. சுண்டெலி தேறியது. அதே எண்ணத்தில் வந்த லெனர்செப்ட் மருந்தின் மனிதச் சோதனை 1999இல் வெளியானபோது, மருந்து பெற்றவர்களுக்கு நோய் அதிகமாகியிருந்தது. டி செல்கள் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான் என்ற செய்திப் புரதத்தில் கதை தலைகீழ். சுண்டெலியில் அந்த மரபணுவை நீக்கினால் நோய் மோசமாகிறது. ஆனால் அதற்கும் முன்பே, 1980களில், எம்.எஸ். நோயாளிகளுக்குக் காமா இன்டர்ஃபெரானைக் கொடுத்தபோது நோய் கிளம்பியிருந்தது. இந்த இரண்டு மூலக்கூறுமே கிளியாவோடு நேரடியாகப் பேசுபவை. கிளியா சார்ந்த கேள்விகளில் இந்த மாதிரி எவ்வளவு தூரம் தடுமாறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை எனக்குத் தெரியாது.

மறைந்திருக்கும் செலவு. எண்ணெய்க் குழம்பும் கக்குவான் நச்சும் தாமாகவே கிளியாவையும் இரத்த-மூளைத் தடுப்பையும் பாதிக்கும். மாக் துண்டு மட்டும் இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் பெற்ற சுண்டெலிக் குழு ஒன்று கட்டாயம் வேண்டும். ஊசியே போடாத சுண்டெலியோடு ஒப்பிட்டுவிட்டு “டி செல்தான் ஆஸ்ட்ரோசைட்டை மாற்றியது” என்று எழுதக் கூடாது. இந்த வகையில் சேதம் முக்கியமாகத் தண்டுவடத்தில் நடக்கிறது, பெருமூளைப் புறணியில் குறைவு. மற்ற எதிர்ப்புச் செல்களை ஏவிவிடும் சிடி4 வகை டி செல்தான் ஆட்சி செய்கிறது. மனித மூளையில் மயலின் சிதைந்த இடங்களான புண்களிலோ, நேரடியாகக் கொல்லும் சிடி8 வகை டி செல்லின் எண்ணிக்கை அதிகம். குட்டையான மாக் துண்டால் வரும் நோய்க்கு பி செல் தேவையே இல்லை. ஆனால் மனிதர்களில் பி செல்லை நீக்கும் மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன. அப்புறம், எப்ஸ்டீன்-பார் வைரஸ் சுண்டெலியைத் தொற்றாது. அந்த வைரஸுக்கும் எம்.எஸ்.ஸுக்கும் உள்ள தொடர்பு 2022இல் உறுதிப்பட்ட பிறகு இது சிறிய குறை அல்ல. அதன் எப்னா1 புரதத்தை எதிர்க்கும் சில ஆன்டிபாடிகள் கிளியல்கேம் என்ற கிளியா புரதத்தையும் பிடிக்கின்றன என்று அதே ஆண்டில் தெரியவந்தது. இந்தச் சந்திப்பைச் சாதாரண ஈ.ஏ.ஈ. சுண்டெலியில் இயல்பாக நடக்கவைக்க முடியாது.

நடைமுறையில் இன்னொன்று: எல்லாச் சுண்டெலிக்கும் நோய் வராது. வந்தாலும் ஒரே நாளில் வராது. மதிப்பெண் போடுகிறவருக்கு எந்தக் கூண்டு எந்தக் குழு என்று தெரியக் கூடாது. கால் விழுந்த பிறகு தீனியைக் கூண்டின் தரையில் வைக்க வேண்டும். தண்ணீர் எட்டுகிறதா, சிறுநீர் கழிகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். வாரக் கடைசி என்று ஒன்று இருக்காது. அந்த உயிர்கள் படும் துன்பத்துக்கு ஈடான கேள்வியா நம்முடையது என்பதையும் தொடங்கும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

எப்போது இது சரி: உங்கள் கேள்வி எதிர்ப்புச் செல்லில் தொடங்கி கிளியாவில் முடிகிறதென்றால். மயலின் மீண்டும் உருவாவதை அளப்பதுதான் நோக்கம் என்றால் வேண்டாம். சேதமும் பழுதுபார்ப்பும் இங்கே ஒரே நேரத்தில் நடப்பதால் பிரித்துக் காண்பது கடினம்.

## 2. குப்ரிசோனும் லைசோலெசித்தினும்: கிளியா முதலில் விழும் நோய்

குப்ரிசோன் செம்பைப் பிடித்துக்கொள்ளும் ஒரு வேதிப்பொருள். எட்டு வார வயதுச் சுண்டெலிக்குத் தீனியில் 0.2 சதவீதம் கலந்து கொடுத்தால், முதல் வாரத்திலேயே ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள் சாகத் தொடங்கும். 5, 6 வாரத்தில் இரு பெருமூளைப் பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தில் மயலின் பெரும்பாலும் போய்விடும். மைக்ரோக்ளியாவும் ஆஸ்ட்ரோசைட்டும் அங்கே குவியும். தீனியை மாற்றினால் சில வாரங்களில் மயலின் திரும்பும். டி செல்லும் பி செல்லும் அறவே இல்லாத சுண்டெலிகளிலும் மயலின் இதே போலப் போகிறது.

லைசோலெசித்தினில் இன்னும் நேரடியான வழி. வெள்ளைப் பகுதியில் ஒரு புள்ளியில் ஊசியால் செலுத்தினால், சில நாளில் அந்த இடத்தில் மட்டும் மயலின் கரையும். எங்கே, எப்போது என்பது நம் கையில் இருக்கிறது.

“எதிர்ப்புச் செல்லே இல்லாத மாதிரியில் அவற்றின் உறவைப் பற்றி என்ன கற்க முடியும்?” என்று கேட்கலாம். இல்லாததுதான் இங்கே வசதி. வெற்று மேடையில் ஒரே ஒரு நடிகரை ஏற்றிப் பார்க்கலாம். 2015இல் குப்ரிசோன் தின்ற சுண்டெலிகளுக்கு மயலினை எதிர்க்கும், அழற்சியைத் தூண்டும் டி.எச்.17 வகை டி செல்களைச் செலுத்தியபோது, மயலின் மீண்டும் உருவாவது தடைப்பட்டது. 2017இல் லைசோலெசித்தின் மாதிரியில் நேர்மாறான ஒன்று தெரிந்தது. ஒழுங்குபடுத்தும் டி செல்களை நீக்கினால் பழுதுபார்ப்பு தாமதமாகிறது. அந்தச் செல்கள் சிசிஎன்3 என்ற புரதத்தைச் சுரந்து, ஓ.பி.சி. முதிர்ந்து மயலின் செய்ய உதவுகின்றன. ஒரு டி செல் தடுக்கிறது, இன்னொன்று தட்டிக்கொடுக்கிறது. “எதிர்ப்புச் செல் என்றாலே எதிரி” என்ற நினைப்பை உடைத்தவை இவை. ஈ.ஏ.ஈ.யின் இரைச்சலில் இந்த வேறுபாட்டைக் கேட்டிருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மறைந்திருக்கும் செலவு. இந்தச் சுண்டெலிகளிடம் வெளிப்படையான முடக்கம் தெரியாது. அதனால் எல்லாமே திசு வெட்டித்தான் பார்க்க வேண்டும், ஒவ்வொரு கால அளவுக்கும் தனிக் குழு வேண்டும். நரம்புப் பாலத்தின் முன்பகுதியும் பின்பகுதியும் ஒரே அளவில் சேதமாவதில்லை. வெட்டும் இடம் சிறிது தள்ளினாலே “மருந்து வேலை செய்தது” போலத் தோன்றும். தீனியைத் தின்னும் அளவும் எடையும் தினசரிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு குழு குறைவாகத் தின்றால் அதற்கு நச்சும் குறைவு.

எப்போது இது சரி: குப்பை அள்ளும் மைக்ரோக்ளியா, திரும்பிவரும் மயலின், அந்த நேரத்தில் ஒரு குறிப்பிட்ட எதிர்ப்புச் செல் உதவுகிறதா தடுக்கிறதா என்ற கேள்விகளுக்கு.

## 3. கொறிவிலங்குச் செல் வளர்ப்பு: இருவரை மட்டும் அறையில் விடுவது

பிறந்து ஓரிரு நாளான குட்டிகளின் மூளையிலிருந்து கிளியாவைப் பிரித்து வளர்த்து, அதோடு எதிர்ப்புச் செல்லையோ அது சுரந்த திரவத்தையோ சேர்ப்பது. மலிவு, வேகம், காரணத்தை நேரடியாகச் சோதிக்கலாம்.

2017இல் வந்த ஒரு முடிவு பலருக்கும் தெரிந்திருக்கும். கிளர்ந்த மைக்ரோக்ளியா இன்டர்லூக்கின்-1 ஆல்ஃபா, டி.என்.எஃப்., சி1க்யூ என்ற மூன்று புரதங்களையும் சுரக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஆஸ்ட்ரோசைட் நரம்புச் செல்லையும் ஒலிகோடெண்ட்ரோசைட்டையும் கொல்லும் நிலைக்கு மாறுகிறது. இதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குச் சீரம் (இரத்தத் தெளிநீர்) இல்லாமல் ஆஸ்ட்ரோசைட்டை வளர்க்கும் முறை பெரிய காரணம். சீரத்தில் வளர்ந்தவை முன்பே கிளர்ந்த நிலையில் இருக்கும். அந்த நிலைக்கு வைத்த ‘ஏ1’ என்ற பெயரை எல்லா இடத்திலும் ஒட்ட வேண்டாம் என்று 2021இல் துறையினர் பலர் சேர்ந்து எழுதினார்கள். அதையும் படித்துவிட்டுத் தொடங்குங்கள். எம்.எஸ். நோயாளிகளின் பி செல்கள் சுரந்த திரவம் எலியின் ஒலிகோடெண்ட்ரோசைட்டைக் கொல்கிறது என்று 2012இல் காட்டியதும் தட்டில்தான்.

மறைந்திருக்கும் செலவு. ‘தூய ஆஸ்ட்ரோசைட்’ என்று நாம் நினைக்கும் தட்டில் சில மைக்ரோக்ளியா மிச்சம் இருந்தாலே முடிவு மாறிவிடும். டி செல்லைத் தூண்டப் போட்ட மருந்து, திரவத்தோடு கிளியாவுக்கும் போய்ச் சேரும். டி செல் இல்லாமல் தூண்டு மருந்து மட்டும் உள்ள திரவத்தை ஒரு தட்டில் ஊற்றிப் பார்க்காவிட்டால் மொத்த வேலையும் கேள்விக்குள்ளாகும். பாக்டீரியாவின் வெளிச்சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சு இன்னொரு பொறி. வாங்கிய புரதத்தில் மிகச் சிறிதளவு இருந்தாலும் மைக்ரோக்ளியா துள்ளிக் குதிக்கும். நான் அருகிலிருந்து பார்த்த ஒரு வேலையில் பல மாத முடிவுகள் இப்படித்தான் போயின. புரதத்தை நன்றாகக் கொதிக்கவைத்துச் சேர்த்த பிறகும் அதே விளைவு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. புரதம் கொதித்தால் சிதையும், எண்டோடாக்சின் அசையாது. அந்தச் சோதனைக்கு ஒரு பிற்பகல் போதும். முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, பிறந்த குட்டியின் செல்லை வைத்து 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் நோயைப் பற்றிப் பேசுகிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

எப்போது இது சரி: உங்களிடம் ஒரு மூலக்கூறும் ஒரு செல்லும் பெயரோடு இருக்கும்போது.

## 4. மனித ஐ.பி.எஸ். செல்கள்

2007இல் மனிதத் தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பி, எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஐ.பி.எஸ். செல்லாக்கும் முறை வந்த பிறகு, நோயாளியின் மரபணுவோடு கிளியாவை உருவாக்க முடிகிறது. எம்.எஸ். அபாயத்தைக் கூட்டும் ஒரு மரபணு மாறுபாடு மைக்ரோக்ளியாவில் என்ன செய்கிறது என்று கேட்க இதுதான் வழி. ஒரே செல் வரிசையில் அந்த மரபணு எழுத்தை மட்டும் கிரிஸ்பர் என்ற திருத்தும் கருவியால் மாற்றி ஒப்பிடலாம்.

ஒலிகோடெண்ட்ரோசைட் கிடைக்கப் பழைய முறைகளில் இரண்டு, மூன்று மாதம் ஆகும். மரபணுக் கட்டுப்பாட்டுக் காரணிகளைத் திணித்து விரைவுபடுத்தினால் ஒரு மாதத்துக்குள் வரும், ஆனால் அந்தத் திணிப்பே செல்லின் இயல்பை எவ்வளவு மாற்றியது என்ற கேள்வி கூடவே வரும்.

பெரிய பொறி எச்.எல்.ஏ., அதாவது தன் செல்லா பிறர் செல்லா என்று டி செல் பிரித்தறிய உதவும், ஆளுக்கு ஆள் மாறும் புரதங்கள். ஒருவருடைய டி செல்லை இன்னொருவருடைய கிளியாவோடு சேர்த்தால், உறுப்பு மாற்றத்தில் நடக்கும் நிராகரிப்பு நடக்கும். அதை எம்.எஸ். என்று எண்ணி மகிழ்ந்துவிடலாம். அதனால் அதே ஆளின் இரத்தம் மீண்டும் மீண்டும் வேண்டும், ஒப்புதலும் தொடர்பும் ஆண்டுக்கணக்கில் நீடிக்க வேண்டும். இன்னொன்று, பின்னோக்கித் திருப்பும்போது செல்லின் வயதும் அழிந்துவிடுகிறது. நாள்பட்டு முன்னேறும் நோய்க்கு வயதே முக்கியக் காரணி என்னும்போது இது பெரிய இழப்பு.

ஆர்கனாய்டு, அதாவது ஆய்வகத்தில் வளர்க்கும் குட்டி மூளைத் திசு உருண்டை பற்றியும் கேட்கிறார்கள். மைக்ரோக்ளியா கருவின் மஞ்சட்கருப் பையிலிருந்து மூளைக்குக் குடிவந்தது. நரம்புத் தோற்றுவாயிலிருந்து மட்டும் வளர்க்கும் ஆர்கனாய்டில் அது பொதுவாக இருக்காது, தனியாகச் செய்து சேர்க்க வேண்டும்.

## 5. தானமாகப் பெற்ற மனித மூளைத் திசு

உண்மையான நோய் இங்கேதான் இருக்கிறது. புண்ணின் நடுவில் இரத்தக் குழாய் ஓடுவதை ஜெர்மன் நோயியலாளர் ரிண்ட்ஃபிளைஷ் 1863இல் பார்த்தது இப்படித்தான். மூளை உறைகளில் பி செல்கள் கூடுகட்டுவது தெரிந்ததும், புண்ணில் ஒரே குலத்து சிடி8 செல்கள் பெருகியிருப்பது தெரிந்ததும் இதே வழியில்தான். 2019இல் செல்களின் ஒவ்வொரு உட்கருவிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று படித்து, எம்.எஸ். மூளையில் ஒலிகோடெண்ட்ரோசைட் வகைகளின் விகிதமே மாறியிருப்பதைக் காட்டினார்கள். 2021இல், எம்.ஆர்.ஐ.யில் இரும்பு வளையமாகத் தெரியும் நாள்பட்ட புண்களின் விளிம்பை அதே முறையில் படித்தபோது, அங்கே அழற்சியில் இருக்கும் மைக்ரோக்ளியாவும் ஆஸ்ட்ரோசைட்டும் சேர்ந்தே இருந்தன. சி1க்யூ முக்கிய இணைப்பாகத் தெரிந்தது. தட்டில் பார்த்த அதே மூலக்கூறு மனித மூளையில் வந்து நிற்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

மறைந்திருக்கும் செலவு. இது ஒற்றை நிழற்படம். யார் முதலில் பேசினார் என்று கேட்க முடியாது, கடைசி வார்த்தை மட்டுமே மிஞ்சியிருக்கிறது. தானம் தந்தவர்களில் பெரும்பாலோர் பல்லாண்டு நோயோடு வாழ்ந்தவர்கள். தொடக்ககாலப் புண் அரிது. இறப்புக்கும் திசு எடுத்ததற்கும் இடையில் கழிந்த மணிநேரமும் கடைசி நாட்களின் காய்ச்சலும் மைக்ரோக்ளியாவில் தடம் பதிக்கும். உட்கருவை மட்டும் எடுத்துப் படித்தால், மைக்ரோக்ளியா கிளர்ந்ததற்கான சில மரபணு அடையாளங்கள் குறைவாகவே பதிவாகும் என்பது 2020இல் வெளிவந்தது. மூளை வங்கிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் காலத்தையும் கணக்கில் சேருங்கள்.

## ஒரே பார்வையில்

| மாதிரி | முதலில் பேசுவது | காரணச் சோதனை | மனித அருகாமை | முக்கியப் பொறி |
|---|---|---|---|---|
| ஈ.ஏ.ஈ. | எதிர்ப்புச் செல் | வலுவானது | நடுத்தரம் | எண்ணெய்க் குழம்பு, கக்குவான் நச்சு |
| குப்ரிசோன், லைசோலெசித்தின் | கிளியா | வலுவானது | பழுதுபார்ப்புக்கு மட்டும் ஓரளவு | வெட்டும் இடம், தின்ற அளவு |
| கொறிவிலங்குச் செல் வளர்ப்பு | நீங்கள் முடிவு செய்வது | மிக வலுவானது | குறைவு | எண்டோடாக்சின், கலப்புச் செல்கள் |
| மனித ஐ.பி.எஸ். | நீங்கள் முடிவு செய்வது | வலுவானது | மரபணுவில் அதிகம், வயதில் குறைவு | எச்.எல்.ஏ. பொருந்தாமை |
| மனிதத் திசு | தெரியாது | இல்லை | நோயேதான் | கடைசிக் கட்டம் மட்டும் |

## நான் எதைச் சொல்வேன்

முதல் திட்டம், மூன்று நான்கு ஆண்டு, சிறிய ஆய்வகம் என்றால்: சுண்டெலி ஆர்டர் செய்யும் முன் மனிதத் திசுத் தரவிலிருந்து தொடங்குங்கள். 2019, 2021 வேலைகளின் ஒற்றை உட்கருத் தரவுகள் பொதுவில் கிடைக்கின்றன. உங்கள் மூலக்கூறு மனிதப் புண்ணில் எந்தச் செல்லில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கும் இல்லையென்றால் ஓராண்டு மிச்சம். இருந்தால் தட்டில் காரணத்தைச் சோதியுங்கள், பிறகு ஒரே ஒரு விலங்கு மாதிரி. கேள்வி தாக்குதலைப் பற்றியதென்றால் ஈ.ஏ.ஈ., பழுதுபார்ப்பைப் பற்றியதென்றால் குப்ரிசோன் அல்லது லைசோலெசித்தின். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கி இரண்டிலும் பாதியில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐ.பி.எஸ்.ஸை, கேள்வி மரபணு மாறுபாட்டில் நிற்கும்போது, அதுவும் ஏற்கெனவே செய்து பழகியவர் பக்கத்தில் இருக்கும்போது எடுங்கள்.

மயலின் செய்யும் செல்களே ஆன்டிஜெனை, அதாவது டி செல் அடையாளம் காணும் புரதத் துண்டைக் காட்டி டி செல்லை அழைக்கின்றனவா என்ற கேள்வி இப்படித்தான் நகர்ந்தது. 2018இல் ஈ.ஏ.ஈ. சுண்டெலியின் செல்களை ஒவ்வொன்றாகப் படித்தபோது, ஒலிகோடெண்ட்ரோசைட் வரிசையில் ஆன்டிஜெனைச் சிடி4 செல்லுக்குக் காட்டப் பயன்படும் எம்.எச்.சி. இரண்டாம் வகை மரபணுக்கள் விழித்திருந்தன. தட்டில் அதே வரிசையின் ஓ.பி.சி.கள் சிடி4 டி செல்லைத் தூண்டின. மனித எம்.எஸ். திசுவிலும் அந்த அடையாளம் தெரிந்தது. 2019இல், காமா இன்டர்ஃபெரான் பட்ட ஓ.பி.சி. சிடி8 செல்லுக்கும் ஆன்டிஜெனைக் காட்டி, அதன் கையாலேயே சாகிறது என்றும் வந்தது. உயிருள்ள மனித மூளையில் அந்த அழைப்பு நோயின் தொடக்கத்தில் போகிறதா, வெகுநாள் கழித்துப் போகிறதா என்பதை இந்த ஐந்து மாதிரிகளில் எதுவும் தனியாகச் சொல்லிவிடவில்லை. மனிதப் புண்ணில் அதிகம் இருக்கும் சிடி8 செல்லை மையமாக வைத்த விலங்கு மாதிரிகளோ இன்னும் சிலவே. அடுத்து எங்கே கைவைப்பது என்று யோசிப்பவர்களுக்கு நான் காட்டும் இடம் அது.